ஏற்காடு ஏறினால் எத்தனை கலோரி? வாட்ச் சொல்லும் கணக்கை எவ்வளவு நம்பலாம்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சேலம் அஸ்தம்பட்டிக்காரர். வயது 40, எடை 70 கிலோ. வார நாட்களில் காந்தி ஸ்டேடியத்தில் மச்சானோடு ஒரு மணி நேரம் வேக நடை, ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் ஏற்காடு. அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கிலோமீட்டர், 1,000 மீட்டர் ஏற்றம், 1 மணி 50 நிமிடம் ஆகிறது என்கிறார். போன வாரம் கையில் ஸ்மார்ட் வாட்ச், மார்பில் நண்பரிடம் வாங்கிய, இதயத் துடிப்பை அளக்கிற பட்டை என இரண்டையும் கட்டிக்கொண்டு ஏறியிருக்கிறார். வாட்ச் 1,480 கலோரி என்றது. பட்டையோடு இணைந்த செயலி 1,090 என்றது. எதை நம்புவது, நடக்கும்போது மச்சானுக்கு மட்டும் எப்போதும் கூடுதலாக வருவது ஏன், வாட்ச் காட்டுகிற அளவுக்குச் சாப்பிட்டுக்கொள்ளலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

போகிற போக்கில் இன்னொரு விவரமும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. சராசரி இதயத் துடிப்பு வாட்சில் 146, பட்டையில் 145. அதாவது துடிப்பை எண்ணுவதில் இரண்டு கருவிகளுக்கும் சண்டையே இல்லை. ஒரே துடிப்பை வைத்துக்கொண்டு ஒன்று 1,480 என்கிறது, மற்றொன்று 1,090 என்கிறது. ஆக, சிக்கல் சென்சாரில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிற கணக்கில் இருக்கிறது. வாட்சை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

உடல் எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்பதை நேராக அளக்க ஒரு வழி உண்டு. முகத்தில் முகமூடி மாட்டி, உள்ளே போகிற காற்றையும் வெளியே வருகிற காற்றையும் ஆராய்ந்து, எவ்வளவு ஆக்சிஜன் செலவானது என்று பார்ப்பார்கள். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு ஏறத்தாழ 5 கலோரி. கொழுப்பை அதிகம் எரித்தால் 4.7 பக்கம் வரும், மாவுச்சத்தை எரித்தால் 5-ஐத் தொடும், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த முறை சில சதவீதத்துக்குள் சரியாகச் சொல்லிவிடும். ஆனால் முகமூடியோடு கொண்டை ஊசி வளைவுகளில் யாரும் ஏறப்போவதில்லை. அதனால் ஆக்சிஜனுக்குப் பதிலாக, அதைச் சுமந்து போகிற இதயத்தைப் பார்த்து ஊகிக்கலாம் என்ற யோசனை வந்தது.

யோசனை தப்பில்லை. ஓரளவு வேகத்துக்கு மேல் ஒரே சீராக உழைக்கும்போது, துடிப்பு கூடக் கூட ஆக்சிஜன் செலவும் கிட்டத்தட்ட நேர்கோட்டில் கூடும். ஆனால் ஆக்சிஜன் செலவு என்பது மூன்று விஷயங்களின் பெருக்கல்: நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, அந்த ரத்தத்திலிருந்து தசைகள் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏற்காட்டுக்கு இன்று எத்தனை டிரிப் பஸ் போனது என்று மட்டும் தெரிந்துகொண்டு, எத்தனை பேர் போய் இறங்கினார்கள் என்று சொல்லப் பார்ப்பதைப் போன்றது இது. பஸ் பெரியதா மினி பஸ்ஸா, நிறைய பேர் ஏறினார்களா, பாதிப் பேர் இறங்காமலே திரும்பினார்களா, எதுவும் தெரியாது. டிரிப் எண்ணிக்கையை எவ்வளவு துல்லியமாக எண்ணினாலும் அந்த இரண்டு கேள்விகளுக்கு அதில் பதில் கிடைக்காது. தெரியாத அந்த இரண்டையும் வயது, எடை, ஆணா பெண்ணா என்பதை வைத்து நிரப்பிக்கொள்வதுதான் பெரும்பாலான சமன்பாடுகள் செய்கிற வேலை.

கம்பெனிகள் தங்கள் கணக்கை வெளியே சொல்வதில்லை. ஆனால் வெளியான ஒரு சமன்பாட்டை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் இந்த வகைக் கணக்குகளின் குணம் புரிந்துவிடும். 2005-ல் கெய்டெல் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட சமன்பாடு இது. இணையத்தில் கிடைக்கிற பெரும்பாலான 'துடிப்பிலிருந்து கலோரி' கணக்கிடும் பக்கங்களில் இருப்பது இதுதான். ஆண்களுக்கு: துடிப்பை 0.6309-ஆல் பெருக்கு, எடையை 0.1988-ஆல், வயதை 0.2017-ஆல், மூன்றையும் கூட்டி 55.0969-ஐக் கழி. வருவது நிமிடத்துக்கு எத்தனை கிலோஜூல் என்பது. 4.184-ஆல் வகுத்தால் கலோரி. (கிலோகலோரியைத்தான் ஊரில் எல்லோரும் கலோரி என்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன்.)

உங்கள் வயதையும் எடையையும் போடுங்கள். ஏற்காடு ஏற்றத்தில் சராசரி 145 துடிப்பு என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 14 கலோரி, 110 நிமிடத்துக்கு 1,530 பக்கம் வருகிறது. உங்கள் வாட்ச் சொன்ன 1,480-க்கு ரொம்பத் தூரமில்லை. உள்ளே இதே சமன்பாடுதான் ஓடுகிறது என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஒரே ஜாதிக் கணக்கு என்பது தெரிகிறது.

இப்போது அதே சமன்பாட்டில் 72 துடிப்பைப் போடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது இருக்கிற துடிப்பு. மணிக்கு 176 கலோரி என்று வரும். உண்மையில் 70 கிலோ ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால் மணிக்கு 70 கலோரி சொச்சம்தான் செலவாகும். இன்னும் கீழே போய் 52 துடிப்பைப் போட்டால் விடை பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுகிறது! நன்றாகப் பயிற்சி எடுத்த ஓட்டக்காரர் தூங்கும்போது துடிப்பு 50-க்குக் கீழே போவது சாதாரணம். இந்தக் கணக்குப்படி அவர் தூக்கத்தில் கலோரியை உற்பத்தி செய்துகொண்டிருக்க வேண்டும்.

சமன்பாட்டை எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் அளந்தது உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தவர்களை, ஓய்வில் இருப்பவர்களை அல்ல. அதிலும் 18 முதல் 45 வயது வரை, தவறாமல் உடற்பயிற்சி செய்கிற பழக்கம் உள்ள 115 பேரை வைத்துத்தான் அதை உருவாக்கினார்கள். இந்தக் கடைசி விவரத்தை யாரும் கவனிப்பதில்லை. பழகிய இதயம் ஒரு துடிப்பில் நிறைய ரத்தம் தள்ளும். அப்படிப்பட்ட ஆளுக்கு 125 துடிப்பு வருகிறது என்றால் அவர் நிஜமாகவே கடுமையாக உழைக்கிறார் என்று அர்த்தம். பழக்கமில்லாதவருக்கு வேக நடையிலேயே 125 வந்துவிடும். சமன்பாடு இருவரையும் ஒரே ஆளாக நினைக்கிறது.

உங்கள் மச்சான் விஷயம் இதுதான். அவர் எடை, வயது எல்லாம் உங்களை ஒட்டித்தான் என்கிறீர்கள். நடக்கும்போது உங்களுக்கு 105, அவருக்கு 125. மேலே சொன்ன சமன்பாட்டில் போட்டால் உங்களுக்கு மணிக்கு 475, அவருக்கு 656. இருவரும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வேகத்தில், ஒரே உடலைச் சுமந்துகொண்டு போகிறீர்கள். செலவில் 180 கலோரி வித்தியாசம் வர வழியே இல்லை. நடைக்கு இதயத்தையே பார்க்காத எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. சமதரையில் மணிக்கு 6 கிலோமீட்டர் நடந்தால் ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 13.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் தேவை. 70 கிலோவுக்கு அது மணிக்கு 285 கலோரி அளவில் வரும். உங்களுக்கும் 285, அவருக்கும் 285, ஐந்து பத்து முன்னே பின்னே இருக்கலாம். மச்சானின் இதயம் அதே வேலைக்கு அதிகம் துடிக்கிறது, அவ்வளவுதான். அவர் கலோரியை ஜெயிக்கவில்லை, பயிற்சியில் பின்தங்கியிருக்கிறார். இதை அவரிடம் எப்படிச் சொல்வீர்களோ, அது உங்கள் பாடு.

இதே காரணத்தால் இன்னொரு கூத்தும் நடக்கும். அவர் ஆறு மாதம் விடாமல் நடந்தால் இதயம் பழகி, துடிப்பு 125-லிருந்து 110-க்கு இறங்கும். உடனே வாட்ச், "முன்பு 650 எரித்தாய், இப்போது வெறும் 520" என்று காட்டும். மனிதர் சோர்ந்துபோவார். நடந்த தூரமும் சுமந்த எடையும் அப்படியேதான் இருக்கும். இப்போது வருகிற வாட்சுகள் நடையின்போது கை அசைவையும் ஜி.பி.எஸ். வேகத்தையும் சேர்த்துப் பார்ப்பதால் இந்தக் கோளாறு முன்பைவிடக் குறைந்திருக்கிறது, ஆனால் மறையவில்லை.

சரி, ஏற்காட்டுக்கு வருவோம். மலையேற்றத்தில் ஒரு வசதி உண்டு: செய்த வேலையை வாட்ச் இல்லாமலே கணக்குப் போடலாம். நீங்கள் 70, சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் 12, மொத்தம் 82 கிலோ. அதை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டிய வேலை சுமார் 804 கிலோஜூல். டயர் உராய்வு, காற்று, சங்கிலியில் வீணாவது எல்லாம் சேர்த்தால் 950 முதல் 1,000 வரை. மனித உடல் சைக்கிள் மிதிக்கும்போது செலவழிக்கிற சக்தியில் 20 முதல் 24 சதவீதம்தான் மிதிகட்டைக்குப் போய்ச் சேருகிறது, மீதி சூடாகப் போய்விடும். இந்த விகிதம் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறாது என்பதுதான் இதில் அழகு. இப்படிப் பார்த்தால் உங்கள் ஞாயிறு ஏற்றத்தின் செலவு சுமார் 950-க்கும் 1,200-க்கும் நடுவில். 1,480 அதற்குள் வரவே வராது. 1,090 நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

சைக்கிளில் பவர் மீட்டர், அதாவது மிதிக்கிற வேலையை அளக்கிற கருவி, போட்டவர்கள் இதையே நேராகச் செய்கிறார்கள். மீட்டர் காட்டுகிற கிலோஜூலை அப்படியே கலோரி என்று எடுத்துக்கொண்டால் போதும். 4.184 என்ற வகுத்தலும், நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான அந்தத் திறனும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. கலோரி விஷயத்தில் சைக்கிள்காரர்களுக்குக் கிடைத்திருக்கிற அதிர்ஷ்டம் ஓட்டக்காரர்களுக்கும் ஜிம்காரர்களுக்கும் கிடைக்கவில்லை.

பட்டையின் செயலி எப்படி உண்மைக்குக் கிட்டே வந்தது? பட்டை என்பதால் இல்லை. அதில் உங்கள் விஓ2 மேக்ஸ் 38 என்று பதிவாகியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான். உடல் நிமிடத்துக்கு ஒரு கிலோ எடைக்கு உச்சபட்சமாக எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜன் பயன்படுத்த முடியும் என்ற அளவு அது. நான் சொன்ன பஸ் எவ்வளவு பெரியது என்பதற்கு ஓரளவு பதில் அதில் இருக்கிறது. நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஓய்வுத் துடிப்பு 65, உச்சத் துடிப்பு 180 என்றால், 145 என்பது நடுவில் இருக்கிற 115 துடிப்பில் 80-ஐத் தாண்டிய இடம், அதாவது 70 சதவீதம். ஆக்சிஜன் செலவும் ஓய்வுக்கும் உச்சத்துக்கும் நடுவில் ஏறத்தாழ அதே 70 சதவீதத்தில் இருக்கும் என்பது பல சோதனைகளில் தெரிந்த விஷயம். 38-ஐ வைத்துக் கணக்கிட்டால் 110 நிமிடத்துக்கு 1,060 வருகிறது. அதே துடிப்பு, அதே வயது, அதே எடை, ஆனால் விஓ2 மேக்ஸ் 50 உள்ள ஆள் என்றால் 1,380. துடிப்பில் ஒரு மாற்றமும் இல்லாமல் 320 கலோரி வித்தியாசம். கெய்டெல் குழுவும் உடல்தகுதியைச் சேர்த்தால் தங்கள் சமன்பாடு தெளிவாக மேம்படுகிறது என்றுதான் கண்டார்கள்: சக்திச் செலவில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 73 சதவீதத்தை விளக்கிய கணக்கு, 83 சதவீதத்தை விளக்கியது.

அந்த 180-ம் சந்தேகத்துக்கு உரியதுதான். 220-லிருந்து வயதைக் கழிப்பது சராசரிக்கு ஓரளவு பொருந்தும், தனி ஆளுக்கு 10, 12 துடிப்பு மேலேயோ கீழேயோ போவது சகஜம். உங்கள் உண்மையான உச்சம் 190 என்றால் மேலே வந்த 1,060 என்பது 985 ஆகிவிடும். உச்சத் துடிப்பை வாட்சில் கையால் மாற்றுகிற வசதி இருந்தால், கடைசி வளைவுகளில் மூச்சு முட்ட ஏறியபோது பதிவான அதிகபட்ச எண் 180-ஐத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள். அதற்காகவே உயிரைக் கொடுத்து ஏற வேண்டாம். குறிப்பாக நெஞ்சுவலி, ரத்த அழுத்தம் என்று ஏதாவது இருந்தால்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் பார்த்துவிடுவோம். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேரை வைத்து மணிக்கட்டில் கட்டுகிற ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆப்பிள் வாட்ச், ஃபிட்பிட் சர்ஜ், சாம்சங் கியர் எஸ்2 எல்லாம் அதில் இருந்தன. துடிப்பு விஷயத்தில் ஏழில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள். கலோரியில்? அந்தக் கூட்டத்திலேயே நன்றாகச் செய்த கருவிக்குப் பிழை 27 சதவீதம், மோசமானதற்கு 93 சதவீதம். ஒரே கருவி, ஒரே கை, ஒரே நேரம். துடிப்பை எண்ணுவது அளவீடு, கலோரி ஊகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. அந்தக் கருவிகள் பழையவைதான், சிலவற்றை இப்போது கடையில் பார்க்கவே முடியாது. சென்சார்கள் அதற்குப் பிறகு நிறைய முன்னேறின. ஆனால் இதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்பதை எந்தக் கைக்கடிகாரமும் இன்றுவரை அளப்பதில்லை.

துடிப்பே தப்பாக வரும் சந்தர்ப்பங்களும் உண்டு. மார்புப் பட்டை இதயத்தின் மின்சாரத்தைப் பிடிக்கிறது. ஆரம்பத்தில் தோல் காய்ந்திருக்கும்போது மட்டும் தடுமாறும், பட்டையின் உட்புறத்தைக் கொஞ்சம் ஈரமாக்கிக் கட்டினால் சரியாகும். மணிக்கட்டு வாட்ச் பச்சை விளக்கைத் தோலுக்குள் பாய்ச்சி, ரத்தம் வந்து போவதால் வெளிச்சம் மாறுவதைப் பார்க்கிறது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை மடக்கினாலோ, சாலை குலுக்கினாலோ, ஸ்ட்ராப் தளர்ந்திருந்தாலோ குழம்பும். மார்கழிக் குளிரில் ஏற்காட்டில் விரல் மரத்துப்போகிற காலையில் தோலுக்கு வருகிற ரத்தமே குறைந்துவிடும், வாட்சுக்கு வேலை கடினம். ஓடும்போது சில வாட்சுகள் காலடியைத் துடிப்பென்று எண்ணிவிடும். ஓட்டத்தில் நிமிடத்துக்கு 160, 170 அடி விழும், மெதுவாகத்தான் ஓடுகிறீர்கள் ஆனால் துடிப்பு அசையாமல் 168-லேயே நிற்கிறது என்றால் அதைச் சந்தேகப்படுங்கள். கறுத்த தோலில் இந்த விளக்கு சரியாக வேலை செய்யாது என்ற பேச்சு நம் ஊரில் அடிக்கடி வரும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் அப்படி ஒரு போக்கு தெரிந்தது உண்மை. 2020-ல் வந்த இன்னொரு ஆய்வில் தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை, கை அசைவால்தான் பிழை கூடியது. வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே தள்ளி இறுக்கமாகக் கட்டுவது தோல் நிறத்தைப் பற்றிக் கவலைப்படுவதைவிடப் பயன் தரும்.

இனி, துடிப்பு சரியாக இருந்தும் கலோரி பொய்யாகிற இடங்கள். சேலத்தில் இதில் முதலிடம் வெயிலுக்கு. சித்திரை, வைகாசியில் காலை ஒன்பது மணிக்கே அனல் அடிக்கும்போது உடல் ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பிச் சூட்டை வெளியேற்றப் பார்க்கும். வியர்வையில் நீரும் குறையும். ஒரு துடிப்பில் தள்ளப்படும் ரத்தம் குறைவதால் ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும். வேகத்தைக் கூட்டாமலே ஒரு மணி நேரத்தில் 10, 15 துடிப்பு மேலே போய்விடும். தசை செய்கிற வேலை மாறவில்லை, ஆக்சிஜன் செலவும் பெரிதாக மாறவில்லை. ஆனால் மேலே சொன்ன சமன்பாட்டில் 10 துடிப்பு கூடினால் மணிக்கு 90 கலோரி கூடும். 15 கூடினால் 135. வெயில் காய்ந்ததற்கு வாட்ச் கொடுக்கிற போனஸ் அது. "இன்னைக்கு நல்லா வேர்த்துச்சு, கலோரியும் ஜாஸ்தி" என்று சொல்பவர்களுக்கு வாட்சும் ஒத்து ஊதுகிறது. உயரத்தாலும் துடிப்பு கொஞ்சம் கூடும். ஏற்காட்டின் 1,500 மீட்டர் உயரத்தில் அது சில துடிப்புகள்தான், மேலே போகப் போகக் குளிர்ச்சி கிடைப்பதால் உங்களைப் போன்றவர்களுக்கு வெயில் செய்கிற கூத்தைவிட அது சிறியது.

அடுத்தது, பளு தூக்குவது. லீ பஜாரில் மூட்டை ஏற்றுகிற ஒருவர் கையில் வாட்ச் கட்டிப் பார்த்தால் தெரியும். மூட்டையை முதுகில் வாங்கி மூச்சைப் பிடித்து நிமிர்கிற கணத்தில் தசை இறுகி, ரத்த அழுத்தம் ஏறி, துடிப்பு எகிறும். அந்தத் துடிப்புக்கு ஏற்ற அளவு ஆக்சிஜன் அங்கே செலவாவதில்லை. ஜிம்மில் எடை தூக்குபவர்களுக்கும் இதே கதைதான், அங்கே துடிப்பிலிருந்து வருகிற கலோரி எண்ணுக்கு நான் மதிப்பே கொடுப்பதில்லை. கையால் செய்கிற வேலையும் அப்படித்தான்: ஒரே அளவு ஆக்சிஜனுக்குக் காலைவிடக் கை வேலையில் துடிப்பு அதிகம். எஸ்டேட்டில் நாளெல்லாம் கிளையை வளைத்துக் காப்பிப் பழம் பறிப்பவரையும் சரிவில் ஏறி இறங்குபவரையும் ஒரே சமன்பாட்டில் அடைக்க முடியாது.

பயமும் கோபமும்கூடக் கணக்கில் ஏறும். நீங்கள் இறங்கி வரும்போது வாட்ச் இன்னொரு 250 கலோரியைச் சேர்த்தது என்று எழுதியிருந்தீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, எதிரே பஸ், இரண்டு கையும் பிரேக்கில். துடிப்பு 95, 100-லேயே இறங்காமல் நிற்கும், மிதிப்பதோ கிட்டத்தட்ட இல்லை. அந்த 40 நிமிடத்துக்கு 80, 100 கலோரிக்கு மேல் நான் கொடுக்க மாட்டேன்.

சாப்பாட்டுக் கேள்விக்கு என் பதில், வேண்டாம். வாட்ச் காட்டுகிற எண்ணுக்குச் சாப்பிட்டால் எடை இறங்காது, பலருக்கு ஏறும். மேலே சொன்ன பிழைகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே பக்கம், அதாவது கூட்டிக் காட்டுகிற பக்கம் சாய்பவை என்பது ஒரு காரணம். இன்னொன்று, வாட்சில் மொத்தக் கலோரி, ஆக்டிவ் கலோரி என்று இரண்டு இருக்கும். மொத்தத்தில், சும்மா இருந்தாலும் செலவாகியிருக்கக்கூடிய மணிக்கு 70 கலோரியும் சேர்ந்திருக்கும். நடையின் 285-ல் அதைக் கழித்தால் நீங்கள் நடந்ததால் கூடியது 210 சொச்சம்தான். அந்த அடிப்படைச் செலவையும் மேல்நாட்டுச் சமன்பாடுகள் இந்தியர்களுக்குச் சற்றுக் கூட்டிக் காட்டுவதாகத் தெரிந்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் பரிந்துரைகளில் அதைக் குறைத்தே எடுத்துக்கொள்கிறது. மூன்றாவது காரணம் யாருக்கும் பிடிக்காது. 2021-ல் ஏராளமானவர்களின் அன்றாட சக்திச் செலவைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றில், உடற்பயிற்சியால் கூடுகிற செலவில் சராசரியாக 72 சதவீதம்தான் நாளின் மொத்தக் கணக்கில் கூடுதலாக வந்து சேர்கிறது என்று தெரிந்தது. மீதியை உடல் வேறு இடங்களில் சிக்கனம் செய்து சரிக்கட்டிவிடுகிறது.

அதற்காக ஏற்காடு இறங்கி வந்து தட்டுவடை செட் சாப்பிடக் கூடாது என்று சொல்ல நான் யார்? பசித்தால் சாப்பிடுங்கள், வாட்ச் அனுமதித்ததால் சாப்பிட வேண்டாம். இரண்டு மணி நேர ஏற்றத்துக்கு முன்னும் நடுவிலும் வாழைப்பழமோ கடலை மிட்டாயோ போதிய தண்ணீரோ இல்லாமல் போவது தனித் தப்பு. உங்கள் சாப்பாடு போதுமா, மிஞ்சுகிறதா என்பதற்கு நல்ல தீர்ப்பு, காலையில் வெறும் வயிற்றில் பார்த்த எடையின் மூன்று நான்கு வார சராசரியும் இடுப்புப் பட்டையின் ஓட்டையும்தான்.

வாட்சை என்ன செய்வது? கழற்றி எறிய வேண்டாம். கலோரியைத் திரையிலிருந்து எடுத்துவிட்டுத் துடிப்பை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சாலை, ஏறத்தாழ ஒரே வேளை, ஒரே வானிலையில் ஏறி, அடிவாரத்திலிருந்து மேலே வர எவ்வளவு நேரம், சராசரித் துடிப்பு என்ன என்று மட்டும் குறித்து வாருங்கள். இரண்டு மாதத்தில் அதே நேரத்துக்குத் துடிப்பு 145-லிருந்து 138 ஆனால் உங்கள் இதயம் முன்னேறியிருக்கிறது. அதில் எந்தச் சமன்பாடும் இல்லை, அதனால் பொய்யும் இல்லை. கலோரி எண் கட்டாயம் வேண்டுமென்றால் ஏற்றத்துக்கு மேலே போட்ட எடை, உயரக் கணக்கு. நடைக்கு, நடந்ததால் கூடிய செலவு என்று பார்த்தால், ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு அரைக் கலோரி. ஓட்டத்துக்கு அதில் இரண்டு மடங்கு, அதாவது ஒரு கலோரி. வாட்சின் எண்ணை வைத்தே தீருவேன் என்றால், எடையையும் ஓய்வுத் துடிப்பையும் அவ்வப்போது புதுப்பித்து, என்ன பயிற்சி என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, வருகிற எண்ணில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். இது ஆய்வில் வந்த விதி இல்லை, என் பழக்கம். உங்கள் 1,480-க்கு அது 990 தருகிறது, மோசமில்லை.

கடைசியாக, உங்கள் அப்பாவும் இதே மாதிரி வாட்ச் கட்டி நடக்கிறார், அவருக்குத் துடிப்பு 90-ஐத் தாண்டுவதே இல்லை, கலோரியும் ஏறுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். பிரஷருக்கு அவர் மாத்திரை எடுக்கிறாரா என்று பாருங்கள். அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்றவை துடிப்பை ஏற விடாமல் பிடித்து வைக்கும், அவை வேலை செய்கிற விதமே அதுதான். அவர் நடந்த நடைக்கு உரிய சக்தி செலவாகத்தான் செய்கிறது, வாட்சுக்குத்தான் தெரிவதில்லை. துடிப்பு ஏற வேண்டும் என்று அவரை வேகமாக நடக்கச் சொல்லாதீர்கள், மாத்திரையையும் தொடாதீர்கள். நடந்துகொண்டே பேச முடிகிற வேகம், ஆனால் பாட முடியாத வேகம், அதுவே அவருக்குப் போதும். இப்போது ஏதாவது புதிதாக மூச்சிரைப்போ தலைசுற்றலோ இருந்தால் வாட்சைக் காட்டாமல் டாக்டரிடம் ஆளையே காட்டுங்கள்.